25 பாண்ட் படங்களையும் மறுபடி பார்த்து வரிசைப்படுத்துவது எப்படி?

ஜேம்ஸ் பாண்ட் படங்களை வரிசைப்படுத்தும் வேலையில் நான் மூன்று முறை இறங்கியிருக்கிறேன். முதல் முறை எதையும் பார்க்காமல் நினைவிலிருந்தே எழுதினேன். இரண்டாம் முறை தினம் இரண்டு படம் வீதம் 13 நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன். அந்தப் பட்டியலில் 1980களின் படங்கள் அத்தனையும் அடிமட்டத்தில் கிடந்தன. படங்கள் மோசமில்லை, பார்த்த நான்தான் அப்போது களைத்துப் போயிருந்தேன். மூன்றாம் முறை மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். அதில் வந்த பட்டியலைத்தான் இன்றும் நம்புகிறேன். முதல் இரண்டு முறை நான் வீணாக்கிய நேரமும் பணமும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன். கதை முடிவுகள் எதையும் உடைக்கவில்லை, புதிதாகப் பார்க்கப் போகிறவரும் தைரியமாகப் படிக்கலாம்.

1. எத்தனை படம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஈயான் நிறுவனம் தயாரித்த படங்கள் 25. 1962இல் வந்த ‘டாக்டர் நோ’ முதல், 2021இல் வந்த ‘நோ டைம் டு டை’ கடைசி. இவற்றுக்கு வெளியே இரண்டு திரைப்படங்கள் உண்டு: 1967இல் கேலிப்படமாக வந்த ‘கசீனோ ராயல்’, 1983இல் ஷான் கானரி மறுபடி நடித்த ‘நெவர் சே நெவர் அகெய்ன்’. பின்னது 25இல் ஒன்றான ‘தண்டர்பால்’ கதையையே திரும்பச் சொல்வது.

என் யோசனை, 25ஐ மட்டும் வரிசைப்படுத்துங்கள். மற்ற இரண்டையும் பார்க்கலாம், ஆனால் தனியாக வையுங்கள். ஒரே கதையின் இரண்டு வடிவங்களை ஒரே பட்டியலில் போட்டால் ஒன்று மற்றொன்றின் இடத்தைக் கெடுத்துவிடும். எப்படி முடிவு செய்தாலும் பார்க்கத் தொடங்கும் முன் எழுதி வைத்துவிடுங்கள். நடுவழியில் எண்ணிக்கை மாறினால் அதுவரை செய்த ஒப்பீடுகளையெல்லாம் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் இப்போதே எழுதி வையுங்கள்: உங்கள் பட்டியல் எந்தக் கேள்விக்கான பதில்? ‘எது சிறந்த படம்?’ என்பது ஒரு கேள்வி. ‘இன்றிரவு ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பேன்?’ என்பது வேறு கேள்வி. சில படங்களுக்கு ஒன்றையும் மற்றவற்றுக்கு இன்னொன்றையும் கேட்டுக்கொண்டே போனதுதான் என் முதல் பட்டியலின் பெரிய கோளாறு. நான் இப்போது இரண்டாவதை மட்டுமே கேட்கிறேன், ஏனென்றால் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்வது எளிது.

2. பழைய நினைவுப் பட்டியலை எழுதி மூடி வையுங்கள்

முதல் படத்தைப் போடுவதற்கு முன், உங்கள் தலையில் இப்போது இருக்கும் வரிசையை ஒரு தாளில் எழுதித் தேதி போடுங்கள். பத்து நிமிடம் போதும். பார்க்காத படங்களை விட்டுவிடுங்கள். பிறகு வேலை முடியும்வரை அந்தத் தாளைத் திறக்கவே கூடாது.

இது ஏன் முக்கியம் என்று எனக்குக் கடைசியில்தான் புரிந்தது. என் நினைவில் ‘மூன்ரேக்கர்’ இரண்டாம் இடத்தில் இருந்தது, சின்ன வயதில் பார்த்த பிரமிப்பு அப்படி. ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ 19ஆம் இடத்தில். அதில் நடித்த ஜார்ஜ் லேசன்பி பாண்டாக ஒரே ஒரு படத்தில் நடித்தவர், அதனால் அது சுமாராகத்தான் இருக்கும் என்று படத்தைச் சரியாகப் பார்க்காமலேயே முடிவு கட்டியிருந்தேன். ஒழுங்காகப் பார்த்து முடித்தபோது ‘மூன்ரேக்கர்’ 17க்குப் போனது, லேசன்பியின் படம் 3க்கு வந்தது. பழைய தாள் இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய மாற்றம் நடந்ததே எனக்குத் தெரிந்திருக்காது.

3. படங்களைக் கையில் சேருங்கள்: செலவு இங்கேதான்

வழிகள் மூன்று: மாதச் சந்தா, படத்துக்குப் படம் வாடகை, வட்டுத் தொகுப்பு.

சந்தா மலிவாகத் தெரியும். ஆனால் இந்தப் படங்கள் எந்தத் தளத்தில் இருக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், மாதத்துக்கு மாதமும் மாறும். நான் எட்டாவது படத்தை முடித்த வாரம், சந்தா கட்டியிருந்த தளத்தில் மீதிப் படங்கள் காணாமல் போயின. அதனால் சந்தாவை நம்புவதானால் 25ம் இன்று இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். ‘விரைவில் நீக்கப்படும்’ என்ற குறிப்பு ஏதேனும் படத்தில் இருந்தால் அந்த வழியை விடுங்கள்.

வாடகையில் கெடுதான் பொறி. பெரும்பாலான இடங்களில், பணம் கட்டிய 30 நாளுக்குள் படத்தைத் தொடங்க வேண்டும், தொடங்கினால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தள்ளுபடி என்று பத்துப் படங்களை மொத்தமாக எடுத்தேன். நான்கு படங்கள் பார்க்காமலே காலாவதியாகிவிட்டன. ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள்.

தொகுப்பு வாங்கலாமா என்பதற்கு ஒரு எளிய கணக்கு: ஒரு படத்தின் வாடகையை 30ஆல் பெருக்குங்கள், 25ஆல் அல்ல. கடைசியில் ஐந்து படங்களை மறுபடி பார்க்க வேண்டிவரும், காரணத்தை எட்டாம் படியில் சொல்கிறேன். அந்தத் தொகை தொகுப்பின் விலையை நெருங்கினால் தொகுப்பையே வாங்கிவிடுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. 2012இல் 50ஆம் ஆண்டு நிறைவுக்காக வந்த ப்ளூ-ரே பெட்டியில் 22 படங்கள்தான் இருக்கும், ‘ஸ்கைஃபால்’ வட்டுக்கு வெற்று இடம் மட்டும் விட்டிருப்பார்கள். பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் மூன்று படங்களைத் தனியே தேட வேண்டும். அடுத்து மண்டலக் குறியீடு, அதாவது வட்டு எந்த நாட்டுக் கருவிகளில் ஓடும் என்பது. ப்ளூ-ரேயில் ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்கள், டிவிடியில் எண்கள். பெட்டியின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதை உங்கள் கருவியோடு ஒப்பிட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

4. எந்தப் பிரதி என்று உறுதி செய்யுங்கள்

இதைப் பலரும் கவனிப்பதில்லை, குழுவாகப் பார்க்கும்போது பெரிய குழப்பம் வரும். ‘லைசன்ஸ் டு கில்’ 1989இல் பிரிட்டனில் சில வன்முறைக் காட்சிகள் வெட்டப்பட்டுத்தான் வெளியானது. ஒருவர் வெட்டிய பிரதியையும் இன்னொருவர் முழுப் பிரதியையும் பார்த்தால் இருவரும் வேறு வேறு படத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

ஓடும் நேரத்தை வைத்துச் சோதிக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: PAL என்ற தொலைக்காட்சி முறைக்காக வந்த பழைய டிவிடிகளில் படம் நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 25 ஃபிரேமாக ஓடும். அதனால் 133 நிமிடப் படம் கிட்டத்தட்ட 128 நிமிடத்தில் முடிந்துவிடும். காட்சி எதுவும் போயிருக்காது, வேகம்தான் கூடியிருக்கும். இது தெரியாமல் நான் ஒரு வட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி அதையே வாங்கினேன்.

தொலைக்காட்சியில் வரும் பிரதியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒலியையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள்: மூல ஒலி என்றால் 25க்கும் மூல ஒலி, மொழிமாற்றம் என்றால் 25க்கும் மொழிமாற்றம். (‘கோல்ட்ஃபிங்கர்’ வில்லன் கெர்ட் ஃப்ரோபவின் குரல் மூலப் படத்திலேயே இன்னொருவர் கொடுத்ததுதான்!)

5. நாள்காட்டியில் இடம் ஒதுக்குங்கள்

25 படங்களும் சேர்ந்து ஏறத்தாழ 53 மணி நேரம். மிகச் சிறியது 106 நிமிடம் ஓடும் ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’, மிக நீளமானது 163 நிமிடம் ஓடும் ‘நோ டைம் டு டை’. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் குறிப்பு எழுத 20 நிமிடம் சேருங்கள், அது 8 மணி நேரத்துக்கு மேல். மீள்பார்வைக்கு 11 மணி நேரம். ஆக மொத்தம் 72, 73 மணி நேர வேலை இது.

வாரத்துக்கு இரண்டு படம் என்பதுதான் எனக்குச் சரியாக அமைந்தது. 13 வாரத்தில் முடியும். வாரத்துக்கு ஒன்று என்றால் ஆறு மாதமாகிவிடும், முதலில் பார்த்தவை மங்கிப் போகும். தினம் ஒன்று என்றால் பத்தாவது நாளிலிருந்து துரத்தலும் வெடியும் எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். ஒரே நாளில் இரண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டாவது படத்துக்கு நீங்கள் நியாயம் செய்ய மாட்டீர்கள்.

இரண்டு படங்களுக்கு நடுவே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். இதற்கு ஒரே விதிவிலக்கு 2006இல் வந்த ‘கசீனோ ராயல்’ (1967 கேலிப்படம் அல்ல), ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ ஜோடி. முதல் படம் முடிந்த கொஞ்ச நேரத்திலேயே இரண்டாவதன் கதை தொடங்கிவிடுகிறது. அவற்றை அடுத்தடுத்த நாளில் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மாதம் விட்டுப் பார்த்தபோது எனக்குப் பாதி உறவுகள் புரியவில்லை, அந்தக் கோபத்தில் படத்துக்கு அநியாயமாகக் குறைத்துப் போட்டேன்.

6. எந்த வரிசையில் பார்ப்பது?

முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஒரே பதில்: வெளியான வரிசை. யோசிக்கவே வேண்டாம்.

ஏற்கனவே பார்த்தவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியான வரிசையில் போனால் கானரி படங்களைப் புத்துணர்ச்சியோடு பார்ப்பீர்கள், ரோஜர் மூர் பாண்டாக நடித்த ஏழில் பாதிக்கு மேல் களைப்போடு பார்ப்பீர்கள். ஒரு படம் எதற்குப் பின்னால் வருகிறது என்பதும் மதிப்பீட்டை ஆட்டும். ‘டை அனதர் டே’ பார்த்த கையோடு ‘கசீனோ ராயல்’ பார்த்தால், முன்னதில் வரும் மறைந்துபோகும் காரிலிருந்து தப்பித்து வந்த நிம்மதியே அந்தப் படத்துக்கு இரண்டு இடம் கூட்டிக் கொடுத்துவிடும். அது நல்ல படம்தான், எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனால் அந்த இரண்டு இடத்தை அது தன் பலத்தில் சம்பாதிக்க வேண்டும்.

அதனால் நான் சீட்டுப் போட்டேன். 25 சீட்டில் பெயர் எழுதிக் குலுக்கினேன். ஆனால் சில படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தே ஆக வேண்டும், குலுக்கிய பிறகு அவற்றை மட்டும் முன்பின் மாற்றிச் சரிசெய்யுங்கள்:

டேனியல் கிரெய்கின் ஐந்தும் வெளியான வரிசையில். ‘டாக்டர் நோ’வுக்குப் பிறகே ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’. ‘த ஸ்பை ஹூ லவ்ட் மீ’க்குப் பிறகே ‘மூன்ரேக்கர்’, எஃகுப் பல் வில்லன் ஜாஸ் இரண்டிலும் வருவதால். ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ பார்த்த பிறகே ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’. பின்னதன் முதல் காட்சியே முன்னதன் முடிவைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் படத்தை நிறுத்தித் தேடிக்கொண்டிருப்பீர்கள். 1967இல் வந்த ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்தில் வில்லன் புளோஃபெல்டும் பாண்டும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். 1969இல் வந்த ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ படத்தில் அதே புளோஃபெல்டுக்குப் பாண்டை அடையாளம் தெரியவில்லை. நீங்கள் எதையும் தவறவிடவில்லை. நாவல்களில் இந்த இரண்டு கதைகளின் வரிசை தலைகீழ், படங்கள் அதை மாற்றி எடுத்ததால் வந்த முரண் இது. இதற்காக மதிப்பெண் குறைப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், நான் குறைக்கவில்லை.

7. குறிப்பேடும் ஒப்பீடும்

ஒரு படத்துக்கு ஒரு பக்கம். மேலே தேதி, பிரதி, ஒரே அமர்வில் பார்த்தீர்களா இடையில் நிறுத்தினீர்களா என்பது. அதன் கீழே இவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று: பெயர்க்காட்சிக்கு முந்தைய பகுதி, பாட்டும் இசையும், வில்லன், பாண்டாக நடித்தவர், சண்டையும் துரத்தலும், கதையின் பிடிப்பு. கடைசியில் மூன்று வரி, உங்கள் சொந்த வார்த்தையில். படம் முடிந்து 20 நிமிடத்துக்குள் எழுதுங்கள், அடுத்தவரிடம் பேசுவதற்கு முன்.

பழைய படங்களில் பெண்களை நடத்தும் விதமும் பிற இனத்தவரைக் காட்டும் விதமும் இன்று உறுத்தும். ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் வைக்கோல் கொட்டகையில் பாண்ட் ஒரு பெண்ணிடம் வலுக்கட்டாயமாக நடந்துகொள்ளும் காட்சி, ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்தில் பாண்ட் ஜப்பானியராக வேடமிடுவது, இவற்றைக் கண்டுகொள்ளாமல் விடவும் என்னால் முடியவில்லை, அதற்காகப் படத்தையே தள்ளவும் முடியவில்லை. தனியாக ஒரு கட்டம் போட்டேன்: ‘இது என் ரசிப்பைக் கெடுத்ததா?’ ஆம், கொஞ்சம், இல்லை. எல்லாப் படத்துக்கும் அதே கேள்வி. அப்படிச் செய்ததில், ஒரு படத்தை மன்னித்து இன்னொன்றைத் தண்டிக்கும் பழக்கம் நின்றது.

இப்போது பெரிய பொறி. அந்த மதிப்பெண்களைக் கூட்டி வரிசை போடாதீர்கள்! ‘எ வியூ டு எ கில்’ பாட்டு அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்த ஒரே பாண்ட் பாட்டு, நானும் அதற்குப் பத்துக்குப் பத்து போட்டேன். படம் என் வரிசையில் 21ஆவது. கூட்டிப் போட்டால் அது 14க்கு ஏறிவிடுகிறது. மதிப்பெண்கள் நினைவூட்டத்தான், தீர்ப்புச் சொல்ல அல்ல.

வரிசைக்கு ஒப்பீடுதான் வழி. ஒவ்வொரு படத்தையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் 300 ஜோடிகள் வரும், யாராலும் முடியாது. அதற்குப் பதிலாக, பார்த்த படத்தைப் பட்டியலின் நடுவில் இருப்பதோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதைவிட மேல் என்றால் மேல் பாதியின் நடுவோடு, கீழ் என்றால் கீழ்ப் பாதியின் நடுவோடு. இப்படியே பாதி பாதியாக.

உதாரணமாக, என் பட்டியலில் 16 படங்கள் இருந்தபோது ‘கோல்டன்ஐ’ பார்த்தேன். 8ஆம் இடப் படத்தோடு ஒப்பிட்டேன், ‘கோல்டன்ஐ’ மேல். 4ஆம் இடத்தோடு, கீழ். 6ஆம் இடத்தோடு, மேல். 5ஆம் இடத்தோடு, கீழ். ஆகவே அது 6ஆம் இடம், பழைய 6 ஏழாகிறது. நான்கே கேள்வி. இந்த முறையில் எந்தப் படத்துக்கும் ஐந்து கேள்விக்கு மேல் வராது, 25க்கும் சேர்த்து அதிகபட்சம் 94.

‘இரண்டும் சமம்’ என்ற பதில் மட்டும் கிடையாது. தோன்றாவிட்டால் குறிப்பை மூடிவிட்டுத் தூங்கப் போங்கள், காலையில் பதில் சொல்லுங்கள்.

8. ஒரு மாதம் கழித்து ஐந்து படம்

25ஆவது முடிந்ததும் பட்டியலை வெளியே காட்டாதீர்கள். ஒரு மாதம் ஆறப் போடுங்கள். அப்புறம் மறுபடி பார்க்க வேண்டிய ஐந்து: நீங்கள் முதலில் பார்த்த இரண்டு, 12ஆம் 13ஆம் இடங்களில் இருப்பவை, அப்புறம் பழைய நினைவுத் தாளுக்கும் புதிய பட்டியலுக்கும் இடையே மிக அதிகமாக நகர்ந்த ஒன்று. தாளை இப்போதுதான் திறக்கிறீர்கள்.

முதலில் பார்த்தவற்றை மறுபடி பார்ப்பதற்குக் காரணம், அப்போது ஒப்பிட உங்களிடம் ஒன்றுமே இல்லை. எனக்கு முதல் சீட்டில் வந்தது ‘தண்டர்பால்’. நீருக்கடிச் சண்டை நீளம் என்று கீழே தள்ளியிருந்தேன். மற்றவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது அதன் நிதானம் பிடித்துப்போய் நான்கு இடம் ஏறியது.

கடைசியாக, பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 24 ஜோடிகளையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தலைகீழாகத் தோன்றுவதை மாற்றுங்கள். அரை மணி நேர வேலை.

9. குழுவாகச் செய்தால்

நான்கைந்து பேர் சேர்ந்து செய்வது சுகமானது, ஆனால் விதிகளை முன்பே எழுத வேண்டும். இந்தச் சுற்றில் 25ஐயும் பார்த்தவர்களின் பட்டியல் மட்டுமே கணக்கில் சேரும். 18 பார்த்தவர் மீதியை ஊகித்துப் போட்டால் யாரும் அதிகம் பார்க்காத, டிமதி டால்டன் பாண்டாக நடித்த படங்கள்தான் அடிபடும். எல்லோரும் மூடிய உறையிலோ தனித்தனிக் கோப்பிலோ கொடுத்த பிறகே பேச்சு. கை தூக்கும் முறை வேண்டாம், உரத்துப் பேசும் ஒருவரின் பட்டியல் நான்கு பேரின் பட்டியலாகிவிடும்.

கூட்டும்போது சராசரியை மட்டும் நம்பாதீர்கள். ஒரு படத்துக்கு நான்கு பேர் 2, 3, 4, 24 என்று இடம் கொடுத்தால் சராசரி 8.25. நடுமதிப்பு 3.5. மூன்று பேர் உயிராக நினைக்கும் படத்தை ஒருவர் எட்டாம் இடத்துக்கு இழுத்துவிட்டார். நாங்கள் நடுமதிப்பில் வரிசை போட்டு, பக்கத்தில் சராசரியையும் எழுதினோம். இரண்டுக்கும் தூரம் அதிகமுள்ள படங்களைப் பற்றித்தான் இரவு முழுக்கப் பேசினோம்.

10. பட்டியலைப் பூட்டுங்கள்

தேதி போட்டு, பிரதி எடுத்து, அதன்பின் தொடாதீர்கள். மனம் மாறினால் புதிய தேதியோடு புதிய பட்டியல் எழுதுங்கள், பழையதைத் திருத்த வேண்டாம்.

26ஆவது படத்தை டெனி வில்னூவ் இயக்குவார் என்று 2025இல் அறிவித்திருக்கிறார்கள். அது வந்ததும் முதல் நாள் உற்சாகத்தில் இடம் கொடுத்துவிடாதீர்கள். குறிப்பை மட்டும் அன்றே எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், அப்புறம் 13ஆம் இடத்தில் இருக்கும் படத்தோடு ஒப்பிடத் தொடங்குங்கள். ஐந்து கேள்விக்குள் இடம் தெரிந்துவிடும்.